17 வயதுப் பையனை சீனியர் ஹர்லிங் அணிக்கு எப்போது ஏற்றலாம்?

ஹர்லிங் அயர்லாந்தின் மட்டைப் பந்தாட்டம். ஜூலையோடு அங்கே கவுண்டி அணிகளின், அதாவது மாவட்டம் போன்ற பகுதிகளின் அணிகளின், சீசன் முடிந்துவிடும். அப்புறம் கிளப்புகளின் காலம். சாம்பியன்ஷிப் ஆட்டங்கள் அடுத்தடுத்து வந்து நிற்கும். சீனியர் அணியில் ஒருவருக்குத் தொடைத்தசை பிடித்திருக்கும், இன்னொருவர் கோடை வேலைக்கு அமெரிக்கா போயிருப்பார். அதே நேரம் மைனர் அணியில், அதாவது பெரியவர் தரத்துக்கு முந்தைய இளையோர் அணியில், 17 வயதுப் பையன் ஒருவன் ஆட்டத்துக்கு ஆட்டம் கோல் போட்டுக்கொண்டிருப்பான். "அவனை மேலே கொண்டு வந்துவிடலாமே" என்ற பேச்சு கிளம்பிவிடும்.

என் மகன் அண்டர்-15 அணியில் ஆடுகிறான். அந்த அணியின் பயிற்சிக்கு நானும் கை கொடுக்கிறேன். பெற்றோர் பக்கமிருந்தும் பயிற்சியாளர்கள் பக்கமிருந்தும் இந்தப் பேச்சைக் கேட்டு வருகிறேன். இரு தரப்பிலும் பெரும்பாலும் "அவனுக்குத் திறமை இருக்கிறதா" என்றுதான் கேட்கிறார்கள். திறமை இல்லாவிட்டால் இந்தப் பேச்சே வந்திருக்காது. மேலே போனால் அவன் மட்டையில் பந்து இப்போதைவிடக் கூடுதலாகப் படுமா, குறைவாகப் படுமா என்பதுதான் முதல் கேள்வி என்று நினைக்கிறேன். எல்லா வழிகளையும் அதை வைத்தே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

ஹர்லிங் பார்த்திராதவர்களுக்குச் சுருக்கமாக: அணிக்கு 15 பேர். 'ஆஷ்' என்ற மரத்தில் செய்த, அடிப்பக்கம் அகன்ற மட்டை. அதை ஹர்லி என்பார்கள். பந்துக்கு ஸ்லிட்டர் என்று பெயர். கிட்டத்தட்ட கிரிக்கெட் பந்து அளவுதான், ஆனால் எடை 110 முதல் 116 கிராம்தான். கோல் கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கம்பிக்கு மேலே போனால் ஒரு பாயிண்ட், கீழே வலைக்குள் போனால் கோல், அதாவது 3 பாயிண்ட். தோளோடு தோள் மோதலாம். ஹெல்மெட் 2010 முதல் எல்லா வயதினருக்கும் கட்டாயம். மற்றபடி உடம்பில் பாதுகாப்பு என்று சொல்ல அதிகம் இல்லை. ஆட்டத்தை நடத்தும் ஜி.ஏ.ஏ. (கேலிக் அத்லெட்டிக் அசோசியேஷன்) 1884இல் தர்ல்ஸ் ஊரில் தொடங்கிய அமைப்பு. இன்றுவரை எந்த ஆட்டக்காரருக்கும் சம்பளம் கிடையாது. ஆகவே சீனியர் அணி என்றால் அந்தத் தேவாலயப் பங்கைச் சேர்ந்த விவசாயி, ஆசிரியர், தச்சர், கல்லூரி மாணவர் எல்லாரும் கலந்த கூட்டம். நம் 17 வயதுப் பையன் மோதப்போவது பத்து வருஷமாக மாட்டுத் தீவனம் தூக்கிய தோளோடு.

12 வயது வரை இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. அதுவரை 'கோ கேம்ஸ்' என்ற முறை: சின்ன அணிகள், கோப்பை இல்லை, பட்டியல் இல்லை, எல்லாருக்கும் ஆட இடம் உண்டு. அதற்கு மேல் இரண்டிரண்டு வயதாக ஏணி போகிறது. ஏணியின் உச்சியில் மைனர். அதைத் தாண்டினால் பெரியவர்களின் ஜூனியர், இண்டர்மீடியட், சீனியர் தரங்கள். பெரிய கிளப்புகளில் பெரியவர்களுக்கே இரண்டு மூன்று அணிகள் இருக்கும்.

எது சரி என்று யோசிப்பதற்கு முன்னால் விதியைப் பார்த்துவிட வேண்டும். கவுண்டிகளுக்கு இடையிலான மைனர் போட்டி 2018இல் 18 வயதுக்குட்பட்டோர் என்பதிலிருந்து 17 வயதுக்குட்பட்டோர் என்று மாறியது. அதைத் தொடர்ந்து 2022 வாக்கில் கிளப் ஆட்டங்களும் 13, 15, 17 என்று ஒற்றைப்படை வயதுகளுக்குப் போயின. மைனர் வயதில் இருப்பவன் பெரியவர்களோடு ஆடவே கூடாது என்ற பிரிவினையும் வந்தது. பையன்களை ஒரே வாரத்தில் இரண்டு மூன்று அணிகள் இழுப்பதைத் தடுப்பதுதான் நோக்கம். சிறிய கிராமக் கிளப்புகள் அதைக் கடுமையாக எதிர்த்தன. 17 வயதுக்காரர்கள் இல்லாமல் அவர்களால் 15 பேரைத் திரட்ட முடியவில்லை. இன்று ஒரு கவுண்டியில் இருக்கும் ஏற்பாடு அடுத்த கவுண்டியில் அப்படியே இருப்பதில்லை. போன வருஷம் அனுமதித்தார்கள் என்பதை நம்பி இறங்காமல், இந்த வருஷத்துத் துணைவிதிகளைக் கிளப் செயலாளரிடம் கேளுங்கள். தகுதியில்லாத பையனை இறக்கினால் ஜெயித்த ஆட்டமும் கையை விட்டுப் போகலாம்.

சரி, விதி அனுமதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வழி, அவனை அவன் வயது அணியிலேயே விட்டுவைப்பது. கேட்க மந்தமாக இருக்கும். ஆனால் பந்து அதிகம் கிடைப்பது இங்கேதான். ஃப்ரீ (எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் தனி அடி) அடிப்பவன் அவன், சென்டரில் நிற்பவன் அவன், தோற்றுக்கொண்டிருக்கும்போது மற்ற பதினாலு பேரும் பார்ப்பது அவனை. அந்தப் பொறுப்பை சீனியர் அணியில் மாற்று ஆட்டக்காரனாக 22ஆம் எண் சட்டை போட்டுக்கொண்டு கற்க முடியாது. கூடவே நண்பர்கள். 16, 17 வயதில் நிறையப் பேர் மட்டையை மூலையில் சாத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். போகாமல் இருப்பவர்களைக் கேட்டால் பாதிப் பேர் நண்பர்களுக்காகத்தான் வருவதாகச் சொல்வார்கள்.

ஆனால் இந்த வழியால் கெட்டுப்போகும் ஒரு பையன் உண்டு. வயது கணக்கிடுவது ஜனவரி 1இலிருந்து. ஜனவரியில் பிறந்தவனுக்கும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்தவனுக்கும் கிட்டத்தட்ட ஒரு வருஷ வித்தியாசம், ஆனால் இரண்டு பேரும் ஒரே அணி. அதற்கு மேல், பையன்கள் திடுதிப்பென்று உயரும் காலம் ஒருவனுக்கு 12 வயதில் வரும், இன்னொருவனுக்கு 15 கடந்த பிறகு வரும். அதனால் அண்டர்-15 அணியில் மீசை அரும்பிய ஆறடிப் பையனும், ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியாத சின்னப் பையனும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். ஆறடிக்காரன் பந்தைத் தலைக்கு மேலே பிடித்து நேராக ஓடுவான். யாராலும் நிறுத்த முடியாது. கோல். மறுபடியும் அதே. இடப்பக்கம் அடிக்கப் பழக அவனுக்குத் தேவையே வருவதில்லை. தலையைத் தூக்கிப் பார்த்துப் பந்தைக் கொடுக்கவும் தேவையில்லை. மூன்று வருஷம் கழித்து மற்றவர்களும் வளர்ந்துவிட்டால், அவனிடம் மிஞ்சியிருப்பது அந்த நேர் ஓட்டம் மட்டும்தான்.

அவனுக்குத்தான் இரண்டாவது வழி: ஒரு வயதுப் படி மேலே. அண்டர்-15 பையன் அண்டர்-17இல் ஆடுவது. அங்கே அவனைப் போலவே உடம்புள்ளவர்கள் இருப்பார்கள். நேராக ஓடினால் மோதி நிற்பான். அந்தத் தடை அவனுக்கு நல்லது. சின்ன உடம்பும் நல்ல கையும் உள்ளவனுக்கு இதே உயர்வைக் கொடுக்க நான் அவசரப்பட மாட்டேன். அவன் தன் வயதிலேயே தினமும் தன்னைவிடப் பெரியவர்களோடுதான் மோதிக்கொண்டிருக்கிறான். தப்பிக்கும் வித்தையெல்லாம் ஏற்கெனவே கற்றுக்கொண்டவன். உடம்பு வரும் வரை அவனைப் பொறுமையாகக் காப்பாற்றினால் போதும். நடைமுறையில் எல்லாரும் முதலில் ஏற்ற நினைப்பதும் ஆறடிக்காரனைத்தான். ஒரு வயதுப் படி என்றால் அது சரி. அதே பையனைப் பெரியவர்கள் அணிவரை கொண்டுபோவதில்தான் தவறு தொடங்குகிறது.

இரண்டாவது வழியில் ஒரு ஆபத்து, கணக்கு தப்பிப்போவது. மேலே போகிறவன் கீழே விட்டுவிட்டுப் போவதில்லை. இரண்டு அணியிலும் ஆடுகிறான். பள்ளி அணி தனி. கவுண்டியின் வளரும் வீரர்கள் முகாம் தனி. பெரும்பாலான கிளப்புகளில் இதே பையன்கள்தான் கேலிக் ஃபுட்பாலும் ஆடுகிறார்கள். ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் தன் இரண்டு நாள் மட்டும்தான் கண்ணில் படுகிறது. "வாரம் இரண்டே நாள்தானே" என்று நால்வரும் மனசாரச் சொல்வார்கள். வளரும் வயதில் முழங்காலுக்குக் கீழே எலும்பு துருத்திக்கொண்டு வலிக்கும் ஆஸ்குட்-ஷ்லாட்டர், இடுப்பு இணைப்பில் வலி, தொடைத்தசைப் பிடிப்பு எல்லாம் இப்படித்தான் வந்து சேர்கின்றன. எங்கள் பக்கத்தில் ஒரு பையனின் அம்மா சமையலறை நாள்காட்டியில் மகனின் எல்லாப் பயிற்சிகளையும் ஆட்டங்களையும் ஒரே நிறப் பேனாவால் எழுதி வைத்தார். அதைப் படம் எடுத்து எல்லா மேனேஜர்களுக்கும் அனுப்பினார். அதற்கு முன் யாரும் முழு வாரத்தையும் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. அடுத்த வாரமே இரண்டு பயிற்சிகள் குறைந்தன.

நம் ஊர்ப் பெற்றோருக்கு 'டபுள் ப்ரமோஷன்' என்ற சொல் காதில் தேன். மூன்றாம் வகுப்பிலிருந்து நேராக ஐந்தாம் வகுப்பு. அயர்லாந்துக்கு வந்த பிறகும் அந்த ஆசை போவதில்லை; மகனுக்கு மேல் அணியிலிருந்து அழைப்பு வந்தால் உறவுக்காரர்கள் குழுவில் அன்றே செய்தி போய்விடும். மகிழ்ச்சி நியாயம்தான். ஆனால் படிப்பில் ஒரு வகுப்பைத் தாண்டினால் புத்தகம்தான் கனக்கும். இங்கே எதிரில் நிற்பது ஒரு வளர்ந்த ஆள்.

மூன்றாவது வழி, கிளப்பின் இரண்டாம் அணி, அதாவது ஜூனியர் பி போன்ற கீழ்த்தரப் பெரியவர் ஆட்டம். "சீனியர் கஷ்டம், ஜூனியர் பி-யில் போட்டுப் பார்ப்போம்" என்பது எங்கும் கேட்கிற யோசனை. பாதி உண்மை. அங்கே வேகம் குறைவு. முழு ஆட்டமும் ஆடக் கிடைக்கும். பந்து படும்.

மறு பாதியையும் பார்க்க வேண்டும். நல்ல சீனியர் பின்காவலர் மட்டையை எங்கே, எந்த நொடியில் வைக்க வேண்டும் என்று அறிந்தவர். ஜூனியர் பி-யில் எதிரே நிற்பவர் 38 வயதில் முட்டியில் பட்டையோடு வந்திருப்பார், அல்லது இரண்டு வருஷம் ஆடாமல் திரும்பியிருப்பார். பையன் பந்தை மட்டை நுனியால் கிளப்பிக் கைக்குக் கொண்டுவருகிறான். அதற்குள் அவன் கை வேகமாகத் திரும்பிவிட்டது. எதிராளி அரை நொடி தாமதமாக வந்து, பந்து இருந்த இடத்துக்கு வீசுகிறார். இப்போது அந்த இடத்தில் இருப்பது விரல்கள். அவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை, கால் வரவில்லை, அவ்வளவுதான். ஹர்லிங்கில் விரலும் கையும் உடைவது சாதாரணமாக நடக்கிற விஷயம். வேகமான கையுள்ள பையனுக்கு மெதுவான ஆட்டம் சில சமயம் கூடுதல் ஆபத்து.

அப்படியென்றால் அது வேண்டாமா? வேண்டும், ஆனால் அவன் பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதைப் பார்த்து. ஒரு காலத்தில் சீனியரில் ஆடி, இப்போது வேகம் குறைந்து, ஆட்டம் முழுக்க வாயாலேயே விளையாடும் ஒருவர் எல்லாக் கிளப்பிலும் இருப்பார். "பொறு, பொறு... திரும்பு... உன் இடது பக்கம் ஆள் இருக்கிறான்" என்று அவர் அறுபது நிமிடமும் சொல்லிக்கொண்டே இருப்பதற்கு ஈடாக எந்தப் பயிற்சி முகாமும் இல்லை. இடமும் முக்கியம். எதிரணிக் கோல்கீப்பர் அடிக்கும் பந்து வந்து விழும் நடுப் பகுதியில்தான் நாலைந்து பேர் ஒரே பந்துக்குக் கீழே மட்டையைத் தூக்குவார்கள். புதுப் பையனை அங்கே நிறுத்தக் கூடாது. கார்னர் ஃபார்வர்ட் இடத்தில், அதாவது எதிரணிக் கோலுக்குப் பக்கத்து மூலையில், பந்தை நோக்கி ஓட இடம் உண்டு. ஆனால் சில நாள்களில் அங்கே ஒரு மணி நேரத்தில் நாலு பந்துகூட வராது. ஆகவே ஒரு பாதி அங்கே, ஒரு பாதி விங்கில் என்று மாற்றுவது நல்லது.

நான்காவது வழிதான் என் தேர்வு: சீனியர்களோடு பயிற்சி, போட்டி மட்டும் தன் வயதினரோடு. இதை நிறையப் பேர் அரைகுறை ஏற்பாடு என்று நினைக்கிறார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நின்று பாருங்கள், தெரியும். மைனர் பையன் முதல் நாள் சீனியர் பயிற்சிக்கு வருகிறான். சின்னக் கட்டத்துக்குள் ஆறுக்கு ஆறு ஆட்டம். பந்து அவனிடம் வருகிறது. மைனரில் செய்வதுபோலவே மட்டையில் நிறுத்தி, கையில் எடுத்து, நிமிர்ந்து பார்க்கிறான். மட்டையை ஓங்கும்போது பின்னாலிருந்து ஒரு ஹர்லி வந்து அவன் மட்டையைக் கொக்கி போடுகிறது. பந்து போய்விட்டது. அடுத்த முறையும் அதேதான். யாரும் அவனை மோதவில்லை, திட்டவில்லை. நேரம் மட்டும்தான் பறிபோனது. சில வாரங்களில் அவன் பந்து வருவதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் பார்க்கத் தொடங்குகிறான். முதல் தொடுதலே வெளிப்பக்கமாகப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை மைனர் ஆட்டத்தில் அவனுக்கு மட்டும் எல்லாம் மெதுவாக நடப்பதுபோல் இருக்கும்.

பயிற்சியில் மோதலின் அளவு பயிற்சியாளரின் கையில் இருக்கிறது. சாம்பியன்ஷிப் ஆட்டத்தில் அது யார் கையிலும் இல்லை. இந்த வழிக்கு ஒரே நிபந்தனை: சீனியர் பயிற்சி வந்தால் அந்த வாரத்தில் மைனர் பயிற்சி ஒன்று போக வேண்டும். கூடுதலாகச் சேர்த்தால் பழைய நாள்காட்டிக் கதைதான்.

ஐந்தாவது வழி சீனியர் பெஞ்ச். இதைவிட மோசமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை, ஆனால் பையனுக்கும் பெற்றோருக்கும் இதுதான் பெருமையாகத் தெரியும். பெயர் உள்ளூர்ப் பத்திரிகைப் பட்டியலில் வரும். ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பான். ஆட்டம் ஜெயித்தாயிற்று அல்லது தோற்றாயிற்று என்றான பிறகு கடைசி சில நிமிடங்கள் இறக்குவார்கள். ஒரு பந்தும் தொடாமல் வெளியே வருவான். பல கவுண்டிகளில் சீனியர் சாம்பியன்ஷிப்பில் இறங்கியவர் மறுபடி இரண்டாம் அணிக்கு இறங்கி ஆடக் கட்டுப்பாடுகள் உண்டு. அந்தச் சில நிமிடத்துக்காக அவன் பல முழு ஆட்டங்களை இழக்கக்கூடும். மேனேஜருக்கு அது ஒரு மாற்று ஆட்டக்காரர். பையனுக்கு அது போன ஒரு வருஷம்.

கடைசி வழி, நேராக சீனியர் பதினைந்தில் இடம். முடியாது என்று சொல்லவில்லை. ஜோ கேனிங் கால்வே கவுண்டியின் போர்ட்டும்னா கிளப்புக்காக 2006இல் அகில அயர்லாந்து கிளப் பட்டம் வென்றபோது வயது 17. எல்லாரும் இந்தப் பாதியைத்தான் சொல்வார்கள். அதே கேனிங் கால்வே கவுண்டி சீனியர் அணிக்கு உடனே போய்விடவில்லை. மைனரில் இரண்டு அகில அயர்லாந்துப் பட்டம், 2007இல் அண்டர்-21 பட்டம், அதற்குப் பிறகு 2008இல்தான் கவுண்டி சீனியர் சாம்பியன்ஷிப். அந்தக் கோடையில் கார்க்குக்கு எதிராக அவர் அடித்தது 2 கோல், 12 பாயிண்ட். அணி மொத்தமும் எடுத்ததே 2 கோல், 15 பாயிண்ட். ஒரே மனிதர், ஒரே சமயத்தில், ஓர் இடத்தில் சீக்கிரம் ஏறினார், இன்னோர் இடத்தில் தாமதித்தார். கிளப்பில் கூட ஆடியவர்களில் அவருடைய அண்ணன் ஆலியும் ஒருவர். சின்ன வயதிலிருந்து அறிந்த ஆட்கள், அறிந்த மைதானம். கவுண்டி அணி அப்படியல்ல.

கவுண்டி மட்டத்தில் வெற்றிபெற்ற இளைஞர் அணிகளைப் பார்த்தாலும், கூட்டமாக ஏறியவர்கள்தான் தெரிகிறார்கள். கிளேர் 2012, 2013, 2014 மூன்று வருஷமும் அண்டர்-21 பட்டம் எடுத்தது. 2013இல் சீனியர் பட்டமும் அவர்களுக்கே. இறுதி ஆட்டம் சமனாகி மறுபடி நடந்தபோது, அந்த மறு ஆட்டத்தில் 19 வயது ஷேன் ஓ'டானல் 3 கோலும் 3 பாயிண்டும் அடித்தார். லிமெரிக் 2015இலும் 2017இலும் அண்டர்-21 வென்று, 2018இல் சீனியர் பட்டத்தைப் பிடித்தது. அதற்கு முந்தையது 1973. கிளப் அளவில் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது எளிது: ஒருவனைத் தனியாக ஏற்றாதீர்கள், இரண்டு மூன்று பேரைச் சேர்த்து ஏற்றுங்கள். உடை மாற்றும் அறையில் பேச ஒருவன் இருப்பான், ஒரே காரில் வந்து போகலாம். மைனருக்கும் சீனியருக்கும் இடையில் அண்டர்-19 அல்லது அண்டர்-21 போட்டி உங்கள் கவுண்டியில் நடந்தால் அதைப் பொருட்படுத்துங்கள். ஆட்டங்கள் குறைவு, யாரும் பார்க்க வருவதில்லை, ஆனாலும் அந்த வயதுக்காரர்களை ஒன்றாக வைத்திருப்பது அதுதான்.

இவ்வளவும் ஆள்பலம் உள்ள கிளப்புக்கு. மொத்தமே 17 பேர் உள்ள கிராமக் கிளப்பிடம் போய் "பையனைக் காத்திருக்க வையுங்கள்" என்று சொன்னால், அன்றைக்கு ஆட்டமே நடக்காது. அங்கே அவன் ஆடத்தான் வேண்டும். எப்படி ஆடுகிறான் என்பதில்தான் அக்கறை காட்ட முடியும். அந்த வாரம் வேறு அணிகள் அவனைத் தொடக் கூடாது. நல்ல தூக்கம் வேண்டும். பள்ளியின் கடைசி வருஷமென்றால் ஜூனில் லீவிங் சர்ட் பரீட்சை; வசந்தகால லீக் ஆட்டங்களிலிருந்து அவனை முழுதாகவே விடுவிக்கலாம், சாம்பியன்ஷிப் அதற்குப் பிறகுதான்.

பெரிய கிளப்போ சிறிய கிளப்போ, பேசாமல் விடப்படும் ஒன்று இருக்கிறது. 18 ஆகாதவன் பெரியவர்களின் அறைக்குள் நுழைந்தாலும் சட்டப்படி குழந்தைதான். அவனுக்குப் பயிற்சி தருபவர்களுக்குக் காவல்துறைச் சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டும். பெரியவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவனைச் சேர்க்கக் கூடாது. தகவல் பெற்றோர் வழியாகப் போக வேண்டும். ஜெயித்த இரவு அணி முழுவதும் பப்புக்குப் போகும்போது அவன் எப்படி, யாரோடு வீடு திரும்புவான் என்பதை ஆட்டத்துக்கு முன்பே பேசி வைக்க வேண்டும். மகனை அனுப்பும் பெற்றோர் இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஏற்றுவதைப் பற்றிப் பேசும்போதே இறக்குவதையும் பேசிவிடுங்கள். சீசன் தொடங்கும் முன் பையன், பெற்றோர், மைனர் மேனேஜர், சீனியர் மேனேஜர் எல்லாரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் முடிகிற விஷயம். "ஆகஸ்ட் முடியும் வரை வாரம் ஒரு நாள் சீனியர் பயிற்சி, ஆட்டமெல்லாம் மைனரோடு. செப்டம்பர் முதல் வாரம் மறுபடி பேசுவோம். அப்போது மைனரோடு மட்டும் தொடர்வதென்று முடிவானாலும் ஆகலாம்." இதை அவன் முகத்துக்கு நேரே, எல்லாரும் கேட்கச் சொல்லிவிட்டால், செப்டம்பரில் கீழே வர நேர்ந்தாலும் அவனைத் தண்டித்ததாக யாரும் நினைக்க மாட்டார்கள். தேதியையும் அங்கேயே குறித்துவிடுங்கள்.